மகளின் மடிக்கணினிக்கு 2,500 வெள்ளி போதுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறார். நான் பட்டணத்தில் ஒரு கேண்டீனில் சமைக்கிறேன். மகள் எஸ்.டி.பி.எம். முடித்து, கெடா சிந்தோக்கில் உள்ள உத்தாரா மலேசியா பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படிக்கப் போகிறாள். மடிக்கணினி வாங்க 2,500 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறோம். ஈப்போவில் ஒரு கடையில் கேமிங் லேப்டாப்தான் நாலு வருஷம் தாங்கும் என்று 3,899 வெள்ளிக்கு ஒன்றைக் காட்டினார்கள். மாதம் 210 வெள்ளி வீதம் 24 மாதம் கட்டினால் போதுமாம். பினாங்கில் வேலை செய்யும் மகன் மெக்புக்தான் வாங்க வேண்டும் என்கிறான். மீதிப் பணத்தை அவன் போடுகிறானாம், ரசீதை அவன் பேரில் வாங்கினால் வரியில் கழித்துக்கொள்ளலாமாம். பக்கத்து வீட்டில் பழைய ஐ7 ஒன்றை 800 வெள்ளிக்குத் தருகிறார்கள். மகள் திறந்து பார்த்தபோது ஐ7-6600யூ என்று இருந்ததாம். வீட்டுக்காரர் இ.பி.எஃப். பணத்தை எடுக்கலாமா என்று யோசிக்கிறார். எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஏமாந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

பதில்:

அம்மா, வணக்கம். லயத்து வீட்டிலிருந்து ஒரு பெண் பிள்ளை பல்கலைக்கழகம் போகிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

உங்களிடம் இருக்கும் 2,500 வெள்ளி போதும். தவணைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம், இ.பி.எஃப். பணத்தையும் தொட வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து ஃபிளெக்சிபல் கணக்கில் உள்ள பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆனதிலிருந்து, என் கணினி பழுதுபார்க்கும் கடைக்கு வருகிற பலரும் அதை எண்ணித்தான் விலை கேட்கிறார்கள். குலை வெட்டுகிறவரின் முதுகும் தோளும் எத்தனை வருஷம் ஒத்துழைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பணம் அங்கேயே இருக்கட்டும்.

எந்தக் கணினி என்பதற்கு முன்னால், மகள் அதில் என்ன செய்யப் போகிறாள் என்று பார்ப்போம். வணிகப் படிப்பில் பாதி நேரம் எழுத்து வேலை. அசைன்மெண்ட், பிரசண்டேஷன், விரிவுரையாளர் அனுப்பும் பிடிஎஃப், குழுவாகச் சேர்ந்து கூகிள் டாக்ஸில் எழுதுவது, இணைய வகுப்பு. இதை எல்லாக் கணினியும் செய்யும். மீதிப் பாதி எக்செல். செலவுக் கணக்கு, கடன் வட்டி, பெரிய பட்டியலைச் சுருக்கித் தொகுக்கும் பிவட் டேபிள், புள்ளியியல் பாடத்துக்கு டேட்டா அனாலிசிஸ் என்று போகப் போக அதன் பாரம் கூடும். கடைசி ஆண்டுகளில் சர்வே எடுத்து எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுப் பார்க்க வேண்டி வரலாம். பயிற்சிக்கு ஏதாவது கம்பெனிக்குப் போனால், நம் நாட்டு அலுவலகங்களில் எஸ்.கியூ.எல். அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற கணக்கு மென்பொருள்கள்தான் அதிகம் இருக்கும். தரவை வரைபடமாக்கிக் காட்டும் பவர் பிஐ கற்றுக்கொண்டால் வேலைக்கு நல்லது. இத்தனையிலும் கேமிங் கணினிக்கு உள்ள கிராஃபிக்ஸ் கார்டைக் கேட்கிற வேலை ஒன்றுகூட இல்லை.

ஈப்போ கடையில் காட்டியது பலமான கணினியாகத்தான் இருக்கும். ஆனால் விலையில் பெரும் பங்கு அந்த கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. அது விளையாட்டுக்கும் வீடியோ வெட்டுவதற்கும் உள்ள பொருள். கணினி இரண்டு கிலோவுக்கு மேல், செங்கல் மாதிரி அடாப்டர் இன்னொரு அரைக் கிலோ. பெரும்பாலும் பேட்டரி சீக்கிரம் இறங்கும். விரிவுரை மண்டபத்தில் பிளக் கிடைக்கும் இடமாகத் தேடித் தேடி உட்கார வேண்டும். தவணைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாதம் 210 வெள்ளி, 24 மாதம் என்றால் மொத்தம் 5,040 வெள்ளி. கடை விலையைவிட 1,141 வெள்ளி கூடுதல். சிந்தோக்கில் மகளுடைய எத்தனை மாதச் சாப்பாட்டுச் செலவு அது என்று கேண்டீனில் சமைக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மெக்புக் ஏர் நல்ல பொருள். மின்விசிறி இல்லை, சத்தம் இல்லை, பேட்டரி நாள் முழுக்க வரும். ஆனால் பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். நான் மேலே சொன்ன கணக்கு மென்பொருள்களும் விண்டோஸை வைத்தே எழுதப்பட்டவை. மெக்கில் வரும் எக்செலில், பெரிய தரவைக் கையாளும் பவர் பிவட் வசதி கிடையாது. நண்பர்கள் எல்லாரும் விண்டோஸில் கற்றுக்கொள்ளும்போது இவள் மட்டும் சுற்று வழி தேட வேண்டியிருக்கும். அப்புறம் அந்த வரி விஷயம். வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி வரை உள்ள கழிவில் கணினி வாங்குவது அடங்கும், அது உண்மை. ஆனால் அது தனக்கோ, கணவன் அல்லது மனைவிக்கோ, பிள்ளைக்கோ வாங்கினால்தான். தங்கைக்கு வாங்கியதை அண்ணன் காட்ட முடியாது. உங்கள் வீட்டுக்காரர் வரி கட்டுகிறவராக இருந்தால் அவர் பேரில் ரசீது வாங்குங்கள். மகன் போட நினைத்த பணத்தைத் தங்கையின் முதல் செமஸ்டர் செலவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு ஐ7-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எண்ணை வாசிக்கத் தெரியாததால்தான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கணினியின் மூளையான இன்டெல் பிராசசரில் ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் தம்பி, அண்ணன் மாதிரி. எந்தத் தலைமுறை என்பதை அடுத்து வரும் எண் சொல்லும். 6600 என்றால் ஆறாம் தலைமுறை, 2015-இல் வந்தது. உள்ளே இரண்டே கோர், அதாவது வேலை செய்யும் பகுதி இரண்டுதான். அதற்குப் பிறகு வந்த ஐ3-1215யூ பன்னிரண்டாம் தலைமுறை, ஆறு கோர். பேரில் ஐ3 என்று இருந்தாலும் அந்தப் பழைய ஐ7-ஐ அது சுலபமாகத் தாண்டிப் போகும். இன்னொன்று, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட இன்டெல் பட்டியல் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த 800 வெள்ளிக் கணினியில் விண்டோஸ் 11-ஐ எப்படியாவது ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொல்லலாம். ஏற்றலாம்தான், ஆனால் அடுத்த அப்டேட் வருமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. நல்ல மனசோடுதான் பக்கத்து வீட்டில் கொடுக்கிறார்கள், நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்டெலுக்குப் பதில் ஏ.எம்.டி. ரைசன் போட்ட கணினிகளும் நன்றாக உழைக்கும், விலையும் பெரும்பாலும் குறையும். அதிலும் ஓர் எண் சூட்சுமம் உண்டு. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்பார்கள். பத்து எண் வித்தியாசம்தானே என்று தோன்றும். மூன்றாவது எண்ணைப் பாருங்கள். 2 என்றால் உள்ளே இருப்பது பழைய ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். 3 என்றால் ஜென் 3, ஆறு கோர். முதலாவதில் ரேமை, அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகத்தை, பிறகு கூட்டவும் முடியாது, பலகையிலேயே ஒட்டியிருக்கும். இந்த 7000 வரிசையில் மூன்றாவது எண் 3 அல்லது அதற்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது ரேம். என்னைக் கேட்டால் நாலு வருஷம் தாங்குமா தாங்காதா என்பதை இதுதான் முடிவு செய்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, தோட்டத்துப் பிள்ளைதான், சாயந்திரம் கடை அடைக்கும் நேரத்தில் அப்பாவின் மோட்டாரில் வந்து இறங்கினாள். நெஞ்சோடு அணைத்தபடி ஒரு மெல்லிய மடிக்கணினி. திறந்து வைத்தாள். எக்செல் கோப்பு ஒன்று பாதி திறந்த நிலையில், திரை முழுக்க வெள்ளைப் படலம் போர்த்தியது போல நின்றது. சுட்டி வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அந்தக் கணக்கை அனுப்ப வேண்டுமாம். பார்த்தால் 4 ஜிபி ரேம், இஎம்எம்சி என்ற மெதுவான, மலிவான வகையில் 64 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் அப்டேட்டே அந்த இடத்தை அடைத்துவிட்டிருந்தது. ரேமும் மாற்ற முடியாது, சேமிப்பும் மாற்ற முடியாது, எல்லாம் ஒட்டியவை. இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து கோப்பை மீட்டுக் கொடுத்தேன். கணினியை என்னால் மீட்க முடியவில்லை. அந்த அப்பா 999 வெள்ளி கொடுத்து வாங்கியது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்னொன்று வாங்க வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் தலையாட்டினார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே 16 ஜிபி ரேம் கேளுங்கள். சேமிப்பு 512 ஜிபி எஸ்.எஸ்.டி., அதாவது வேகமான வகை. இஎம்எம்சி என்ற சொல் பெட்டியில் எங்காவது இருந்தால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் விலைக்குள் 16 கிடைக்கவில்லை என்றால் 8 ஜிபி வாங்கலாம், ஆனால் ரேம் செருகும் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை நன்றாக ஏறிவிட்டது. அதனால் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பதைவிட இப்போதே கூட்டியதை வாங்குவதுதான் நல்லது. கடையில் கணினியைத் திறந்து, டாஸ்க் மேனேஜரில் மெமரி என்ற பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் என்று அதில் வரும். சில மாடல்களில் ஒட்டிய ரேமையும் அது ஸ்லாட் போலவே காட்டிவிடும், ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம். ரேம் கூட்டலாம், இத்தனை ஜிபி வரை என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்காமல் எழுதித் தருகிற கடையில் வாங்குங்கள்.

எடை, திரை, மூடி மடங்கும் மூட்டு இந்த மூன்றையும் கையால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மகள் விடுமுறைக்கு விடுமுறை சுங்கை சிப்புட்டில் ரயிலேறி அலோர் ஸ்டாரில் இறங்கி, அங்கிருந்து சாங்லூன் பக்கம் போக வேண்டும். துணிப் பை, சாப்பாட்டுப் பை, இது ஒரு பை. ஒன்றரைக் கிலோ அளவில், 14 அங்குலத்தில் இருந்தால் தோள் வலிக்காது. 15.6 அங்குலத்தில் வலப்பக்கம் எண் விசைகள் தனியாக இருக்கும், கணக்கு அடிக்க வசதி. ஆனாலும் நான் 14 அங்குலத்தைத்தான் சொல்வேன், எண் விசைப்பலகை ஒன்றைத் தனியாகக் குறைந்த விலைக்கு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். திரைக்கு முன்னால் நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிறம் வெளுத்து மங்கினால் மட்டமான திரை, ஐபிஎஸ் வகைத் திரை என்றால் அப்படி மங்காது. முழு எச்டி, அதாவது 1920-க்கு 1080, இருக்க வேண்டும். எக்செலில் எத்தனை வரி ஒரே பார்வையில் தெரிகிறது என்பது அதைப் பொறுத்தது. பிறகு மூடியை மெதுவாகத் திறந்து மூடுங்கள். என் மேசைக்கு வரும் வேலைகளில் மூட்டு உடைந்ததுதான் ஏராளம். பெரும்பாலும் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துத் திறந்ததால் வந்த வினை. நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லி மகளைப் பழக்குங்கள்.

புதியதா, பழையதைச் சீர்செய்து விற்கும் ரீஃபர்பிஷா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் இரண்டையும் காட்டுவார்கள். கம்பெனிகள் சில ஆண்டுகள் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்த திங்க்பேட் டி14, டெல் லாட்டிட்யூட் 5420, எச்.பி. எலீட்புக் 840 ஜி8 போன்றவை உழைப்பாளிகள். கெட்டியான உடம்பு, தட்டச்சுக்கு இதமான விசை. அதே விலைக்குக் கிடைக்கும் பல புதுக் கணினிகளைவிடத் தரம் கூடியவை. உங்கள் மகள் ஈப்போவிலேயே படிப்பதாக இருந்தால் இதையே வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் போவது சிந்தோக், தாய்லாந்து எல்லைக்குப் பக்கம். ரீஃபர்பிஷ் கணினிக்குப் பெரும்பாலும் கடை வாரண்டிதான், அதுவும் சில மாதம். பழுதானால் வாங்கிய கடைக்கே கொண்டுவர வேண்டும். தேர்வு வாரத்தில் அவள் எப்படிக் கொண்டுவருவாள்? புதியதில் கம்பெனி வாரண்டி இருக்கும். அலோர் ஸ்டாரிலோ பினாங்கிலோ உள்ள சேவை மையத்தில் கொடுக்கலாம். சில மாடல்களுக்கு ஆளே நேரில் வந்து பார்க்கும் ஆன்சைட் வாரண்டி உண்டு, இரண்டு ஆண்டு உண்டு. இரண்டு கணினிகளுக்கு இடையில் குழம்பினால் அந்த வாரண்டி உள்ளதை எடுங்கள். அதனால் என் முடிவு: புதியது, 14 அங்குலம், பன்னிரண்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ஐ5, இல்லையென்றால் நான் சொன்ன மாதிரி ரைசன் 5, 512 ஜிபி எஸ்.எஸ்.டி. லெனோவோ ஐடியாபேட், ஏசஸ் விவோபுக், ஏசர் ஆஸ்பயர் வரிசைகளில் உங்கள் விலையை ஒட்டி இவை வருகின்றன. ஐ5-க்குப் பணம் பத்தாவிட்டால் ஐ3-க்கு இறங்குங்கள், ரேமைக் குறைக்காதீர்கள். இணையத்தில் மலிவாக வருகிற இறக்குமதி செட்டுக்கு இங்கே கம்பெனி வாரண்டி இருக்காது, உள்ளூர் செட்டா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒருவேளை பணம் எதற்காவது செலவாகி ரீஃபர்பிஷ்தான் என்று ஆனால், பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸே கொடுக்கும் அறிக்கை அது. புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண் வரும். இப்போதைய எண் பழையதில் பாதிக்குப் பக்கத்தில் இருந்தால் பேட்டரியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஆஃபிஸ் மென்பொருளுக்குக் கடையில் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். சில புதுக் கணினிகளில் அது சேர்ந்தே வரும், பெட்டியில் ஒட்டியிருக்கும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பல பல்கலைக்கழகங்கள் மாணவர் மின்னஞ்சல் வழியாக மைக்ரோசாஃப்ட் 365 கொடுக்கின்றன, மகள் பதிவு முடிந்ததும் முதலில் அதைக் கேட்கட்டும். கணினியில் இறக்கிக்கொள்ளும் எக்செல் கிடைக்குமா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். பிரௌசரில் ஓடும் எக்செலில், வேலைகளைத் தானாகச் செய்யும் மேக்ரோ ஓடாது, அவள் படிப்புக்கு அது பத்தாது. ஐம்பது வெள்ளிக்கு எல்லாம் போட்டுத் தருகிறேன் என்பார்கள். அது திருட்டு நகல், வைரஸும் கூடவே வரும்.

வீட்டில் இருக்கும் நாட்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் சாயந்திர இடி மின்னல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இடி கேட்டால் சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது, அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் என் மேசையில் கருகின அடாப்டரும் வைஃபை பெட்டியும் வரிசையாகக் கிடக்கும். அப்புறம், பிரிண்ட் எடுக்கும் கடைக்கு பென் டிரைவ் கொண்டுபோனால் அன்றைக்கு அச்சடிக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் அதில் இருக்கட்டும். அங்கே ஒட்டும் வைரஸில் கோப்புகள் மறைந்துபோய் அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அசைன்மெண்ட் எப்போதும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், கணினியில் ஒன்று, ஒன்டிரைவிலோ கூகிள் டிரைவிலோ ஒன்று.

வாங்கிய அன்றைக்கே இன்னொரு வேலை இருக்கிறது. கணினிக்கு அடியில் சீரியல் எண் ஒட்டியிருக்கும். அதையும் ரசீதையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து மகளுக்கும் மகனுக்கும் அனுப்பிவிடுங்கள். கடை ரசீது வெப்பத்தாளில் அடித்ததாக இருந்தால் சில மாதங்களிலேயே எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாரண்டி கேட்கப் போனாலும், காணாமல் போய் போலீஸில் புகார் கொடுக்கப் போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.